பல்லும் தலைவிதியும்

கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலைப் பற்றி நமது வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூடும். சுமார் 2,300 வருஷங்களுக்கு முன் வாழ்ந்தவர். வானத்தைப் பற்றியும், அரசியலைப் பற்றியும், பிராணிகளைப் பற்றியும் புத்தகம் புத்தகமாக எழுதிய மகா அறிஞர். அப்பேர்ப்பட்டவர், ஆண்களுக்கு இருப்பதைவிடப் பெண்களுக்குப் பல் எண்ணிக்கையில் குறைவு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். தம் மனைவியை ஒரு நிமிஷம் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு நேர்ந்திராதே என்று பெர்ட்ராண்டு ரஸ்ஸல் என்னும் ஆங்கிலப் பகுத்தறிவாளர் பிற்காலத்தில் பரிகாசம் செய்தார். ஆணுக்கும் 32 பல்தான். பெண்ணுக்கும் 32 பல்தான். கடைசியில் முளைக்கும் அறிவுப்பல் நாலும் சிலருக்கு முளைக்காமலே போகும். அது ஆணுக்கும் நேரும், பெண்ணுக்கும் நேரும்.

அரிஸ்டாட்டிலைத் தூற்றுவதற்காக இதை நாம் சொல்ல வரவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளியே கண்ணெதிரே இருந்த வாயைத் திறந்து பார்க்காமல் தப்புச் சொல்லியிருப்பாரானால், பெரியவர் சொன்னார், சாஸ்திரம் சொல்லிற்று, பாட்டி சொன்னாள் என்று எதையும் பார்க்காமலேயே நம்பிக்கொண்டிருக்கும் நம்முடைய கதி என்ன என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்ப்பதற்காகவே சொல்லுகிறோம்.

"சாமியையும் சாஸ்திரத்தையும் சாதியையும் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைக்குப் பல்லைப் பற்றி என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கலாம். மனிதனுடைய மூளையில் குடிகொண்ட மடமை அவனுடைய வாயிலும் குடிகொண்டிருக்கிறது என்பதே நமது பதில். கோவிலில் காட்டுகிற மூட நம்பிக்கையைத்தான் நம் மக்கள் கொல்லைப்புறத்தில் பல் விளக்கும்போதும் காட்டுகிறார்கள். "பல் போவது வயசானால் சகஜம்", "அவனவன் தலையெழுத்து", "பிள்ளை பெற்றால் ஒரு பல் போகத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டு, போகவேண்டிய அவசியமே இல்லாத பல்லைப் போகவிட்டுவிட்டு, பொக்கை வாயோடு உட்கார்ந்து விதியை நோகிறார்கள். உலகத்தில் சுமார் 350 கோடி மக்களுக்கு வாய் சம்பந்தமான வியாதி ஏதாவது ஒன்று இருக்கிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷத்து அறிக்கையில் கணக்குச் சொல்லியிருக்கிறது. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே மாதிரி எழுதுவதற்கு பிரம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கிறோம்.

பல்லில் புழு உண்டா?

பல்லில் குழி விழுந்தால் அதற்குள் புழு இருந்து அரிக்கிறது என்று நம் கிராமங்களில் இன்றைக்கும் சொல்லுவார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் பல் பூச்சி எடுக்கிறவர்கள் வருவதுண்டு. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்லுவதும், பிறகு "இதோ பார், உன் பல்லிலிருந்து விழுந்த புழு" என்று காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போவதும் பல ஊர்களில் கண்ட காட்சி.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமான மூடத்தனம் அல்ல. பழைய பாபிலோன் தேசத்தாரும் பல் புழுவைக் கொல்லும்படி கடவுளை வேண்டுகிற மந்திரத்தைக் களிமண் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலும் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்துப் புழு எடுக்கிற தொழில் நடந்தது. ஆனால் அங்கே சிலர் கண்ணைத் திறந்து பார்க்கத் துணிந்தார்கள். 1728-ல் பிரான்சு தேசத்துப் பல் வைத்தியர் பியேர் போஷார் என்பவர், தாம் பார்த்த பற்களில் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். 1757-ல் ஜெர்மனியில் ஷேஃபர் என்பவர், புகை பிடித்தபின் விழுகிற அந்தப் "புழு" விதைக்குள் இருக்கிற முளையே தவிர பல்லிலிருந்து வந்ததல்ல என்று வெளிப்படுத்தினார். அவர் ஒரு பாதிரியார் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். பாதிரியாரானாலும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவரை நாம் பாராட்டத்தான் வேண்டும். நம் வாசகர்களும் பூச்சி எடுக்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "வாய் இல்லாமல் வெறும் சட்டியில் இந்த விதையைப் புகை போடு, பார்க்கலாம். அப்போதும் புழு விழுந்தால் அது யாருடைய பல்லில் இருந்த புழு?"

அப்படியானால் பல்லை அரிப்பதுதான் எது? அதைக் கண்டுபிடித்த கதையும் ரசமானது. ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் லேவன்ஹூக் என்று ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். சர்வகலாசாலையில் படித்தவர் அல்ல. தம் கையாலேயே சிறு சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து உண்டாக்கிப் பூதக்கண்ணாடி செய்து பார்த்தவர். 1683-ல் அவர் தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அணுவளவான உயிர்கள் அதில் கூட்டங் கூட்டமாகத் துள்ளித் திரிவதைக் கண்டு, லண்டனில் உள்ள ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கிருமி என்பதை மனிதன் முதல் முதலில் கண்ட சில இடங்களில் மனிதனுடைய வாயும் ஒன்று. கண்டவர் பண்டிதரும் அல்ல, புரோகிதரும் அல்ல; துணி அளந்து விற்றவர். படிப்பில்லையே என்று கூச்சப்படும் நம் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு 200 வருஷம் கழித்து, பெர்லினில் இருந்த மில்லர் என்னும் அமெரிக்கர், 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் சங்கதியை விளக்கினார். நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் வாயிலுள்ள கிருமிகள் தின்று புளிக்க வைக்கின்றன. அதில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பல்லின் மேலுள்ள எனாமல் என்கிற கெட்டியான ஓட்டைக் கரைக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் முன் ஜன்மமும் இல்லை, சனி பார்வையும் இல்லை.

இன்னும் ஒன்று. எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே அதிகக் கெடுதல். ஒவ்வொரு தடவையும் அமிலம் ஊறினால், அதை உமிழ்நீர் கழுவிச் சரிப்படுத்த அரைமணி நேரம், சில பேருக்கு அதற்கு மேலும், பிடிக்கும். அந்த அவகாசம் கொடுக்காமல் காலையில் சர்க்கரைக் காப்பி, பத்து மணிக்கு டீ, பதினோரு மணிக்கு மிட்டாய், மத்தியானம் மறுபடி டீ என்று வாயை ஓயாமல் ஊற வைத்தால், பல் கருங்கல்லாலே செய்திருந்தாலும் கரையத்தான் செய்யும். இனிப்பு வேண்டுமானால் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துவிடுவது மேல்.

எச்சில் என்கிற தீண்டாமை

இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம் நம் நாட்டில் மாத்திரம் ஏன் பரவவில்லை? நம் அபிப்பிராயம் இதுதான்: ஊருக்கு வெளியே சேரி என்று ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பதுபோல, உடம்புக்குள்ளேயே வாயை ஒரு சேரியாக ஒதுக்கி வைத்திருக்கிறது நம்முடைய ஆசாரம். எச்சில் என்றால் தீட்டு. ஒருவன் வாயில் இன்னொருவன் கை வைப்பதென்றால் அருவருப்பு. மனுதர்மமோ நாலாவது அத்தியாயத்தில், வைத்தியன் கொடுக்கும் சோறு சீழுக்கு ஒப்பானது என்கிறது. நோயைத் தீர்க்கிறவனைச் சீழ் என்று ஒதுக்கின நாட்டில், பிறர் வாய்க்குள் கைவிட்டு அழுக்கெடுக்கும் தொழிலுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? முடி வெட்டுகிற தோழனிடமே பல் பிடுங்குகிற வேலையையும் விட்டுவிட்டு, அவனையும் தாழ்ந்த ஜாதி என்று திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்தவர்கள்தானே நம் முன்னோர்கள்!

ஆசாரம் பல் விளக்குவதைப் பற்றிப் பேசவில்லையா என்றால், பேசியிருக்கிறது. எப்படிப் பேசியிருக்கிறதென்றால், அமாவாசையன்று பல்குச்சி வைக்கக்கூடாது என்கிறது விஷ்ணு ஸ்மிருதி. அமாவாசையன்று கிருமிகளும் விரதம் இருக்குமா என்று கேட்கிறோம். வேறு சில ஆசார நூல்களோ, பார்ப்பானுக்கு நீளமான குச்சி, மற்ற ஜாதிக்கு வரிசையாகக் குட்டை, பெண்ணுக்கு எல்லாவற்றிலும் குட்டை என்று குச்சியின் நீளத்திலும் வருணாசிரமத்தைப் புகுத்தின. பல் ஒன்றாக இருக்க, குச்சிக்கு மாத்திரம் ஏன் ஜாதி என்பதற்கு இதுவரை எந்த வைதீகரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மற்ற மதக்காரர்கள் சிரிக்க வேண்டாம். கத்தோலிக்கர்களுக்குப் பல்வலியைத் தீர்ப்பதற்கென்றே அப்போலோனியா என்று ஒரு புனிதவதி இருக்கிறார். கொடியவர்கள் அந்த அம்மையாருடைய பற்களை உடைத்தார்களாம். ஆகவே பல்வலிக்காரர்கள் அவரை வேண்டிக்கொள்ள வேண்டுமாம். தம்முடைய பல்லையே காப்பாற்ற முடியாதவர் பிறர் பல்லை எப்படிக் காப்பாற்றுவார்? இலங்கையில் கண்டி நகரத்திலோ புத்தருடைய பல் என்று ஒன்றைத் தங்கப் பேழைக்குள் வைத்துப் பூஜை செய்கிறார்கள். கடவுளைப் பற்றிக் கவலைப்படாதே, உன் அறிவைக் கொண்டு நட என்று சொன்னவரைக் கடவுளாக்கி, அவருடைய பல்லுக்குப் பூப்போடும் ஜனங்கள் தங்கள் பல்லுக்குத் தினம் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் எவ்வளவோ நன்மை.

இதையெல்லாம் சொல்லுவதால் பழையதெல்லாம் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு நல்லது என்று கிழவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மென்ற குச்சியின் நார் பல்லில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும். ஆனால் அந்த நன்மை நாரினால் வந்ததே தவிர நாளினாலும் கிழமையினாலும் வந்ததல்ல. அதே சமயத்தில் செங்கல் பொடி, மணல், அடுப்புக்கரி இவைகளைப் போட்டுப் பல்லைத் தேய்ப்பது, வீட்டுச் சுவரை வெள்ளையாக்குவதற்குச் சுண்ணாம்போடு சுவரையும் சேர்த்துச் சுரண்டுவது போன்றதாகும். பளபளப்புத் தெரியும், ஆனால் எனாமல் தேய்ந்துபோகும். ஒருமுறை தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

வலிக்காவிட்டால் வியாதி இல்லையா?

நம் மக்களுடைய மகா மூடநம்பிக்கை எதுவென்று கேட்டால், வலிக்காதவரையில் பல் சுகமாக இருக்கிறது என்கிற நம்பிக்கைதான் என்று சொல்லுவோம். இதில் ஆஸ்திகர், நாஸ்திகர் என்ற பேதம் இல்லை. எனாமலுக்கு உணர்ச்சி நரம்பு கிடையாது. ஆகவே சொத்தை அதை அரிக்கும்போது வலிக்காது. முதலில் சுண்ணாம்பு பூசினது போல ஒரு வெள்ளைப் புள்ளி மாத்திரம் தெரியும். அந்த நிலையில் கவனித்தால் குழி விழாமலே தடுத்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் குழி விழும். அப்போதும் சிறு குழியாக இருக்கும்போது அடைத்துவிடலாம். அதையும் விட்டால் உள்ளே உள்ள நரம்பைத் தொடும். அப்போதுதான் நடுராத்திரியில் தலையைப் பிடித்துக்கொண்டு கதறுவதும், லவங்கத்தை வைப்பதும், புகையிலையை அடக்கிக்கொள்வதும். வலி என்பது வியாதியின் ஆரம்பம் அல்ல. வெகுகாலமாகத் தட்டிக்கொண்டிருந்தவன் கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிற சத்தம்.

ஈறு வியாதியோ இன்னும் தந்திரமானது. பல்லடியில் படிந்த அழுக்கு நாள்பட்டுக் காரையாகக் கெட்டிப்படும். ஈறு சிவந்து, பல் விளக்கும்போது ரத்தம் கசியும். உடனே நம் ஜனங்கள் "ரத்தம் வருகிறது, அந்த இடத்தைத் தொடாதே" என்று விட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது. அழுக்கு இருப்பதால்தான் ரத்தம் வருகிறது. விட்டுவிட்டால் ஈறுக்கடியில் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத நல்ல பல்லும் ஆடி விழும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும். வந்துவிட்டால் நீரிழிவையும் அடக்குவது கஷ்டமாகும்.

"காரையை எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்" என்று ஒரு புரளி. முன்னமே எலும்பு கரைந்து ஆடிப்போன பல்லைக் காரை ஒட்டவைத்திருக்கிறது. அதை எடுத்தவுடன் உள்ளதுதான் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தவன்தான் வீட்டை அழுக்காக்கினான் என்று சொல்லுவார் உண்டா? "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்பது இன்னொரு புரளி. பார்வைக்கு உள்ள நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. கண் போவதற்கு வயதும், கண்புரையும், நீரிழிவும் இருக்கப் பல் வைத்தியர் தலையில் பழி போடுவது என்ன நியாயம்?

குழந்தைகள் விஷயத்தில் செய்கிற அநியாயத்தைச் சொல்லி முடியாது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று கலங்குவார்கள். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். ஆனால் வாயில் இருக்கிற பல்லை மாத்திரம் பார்க்கமாட்டார்கள். "விழப்போகிற பால்பல்தானே" என்பார்கள். பால்பல் 20-ம் பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிற பல். அது அகாலத்தில் போனால் வருகிற பல் கோணலாக வரும். இதைவிட முக்கியமானது, ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால், இதையும் பால்பல் என்றே தாய்மார்கள் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது பால்பல் அல்ல; சாகும்வரை இருக்க வேண்டிய பல். அது போனால் வேறு பல் வராது. இந்த ஒரு வரியை ஒவ்வொரு தாயாரும் தகப்பனாரும் ஞாபகம் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரை எழுதின கூலி நமக்குக் கிடைத்ததாகும்.

தண்ணீர் செய்த பாவம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பல ஊர்களில் பிள்ளைகளுடைய பல் பழுப்புக் கறை ஏறிக் கிடப்பதைத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். கலியாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும், பெண்ணின் ஜாதகத்தில் தோஷம் என்பதும் எவ்வளவு கொடுமை! தோஷம் ஜாதகத்தில் அல்ல, கிணற்றில் இருந்தது. அந்தப் பூமிக்கு அடியிலுள்ள தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அளவுக்கு மிஞ்சி இருப்பதால், பல் உண்டாகிற வயதில் அதைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல் கறைபடுகிறது. எலும்பும் கெடுகிறது. இதற்குப் பரிகாரம் எந்தக் கோவிலிலும் கிடைக்கவில்லை. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததுதான் பரிகாரம்.

அதே ஃபுளோரைடு சிறு அளவில் பல்லின் மேல் பட்டால் எனாமலைக் கெட்டிப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது. ஆகவேதான் ஃபுளோரைடு கலந்த பற்பசையை 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. ஒரே பொருள் அளவுக்கு மிஞ்சினால் கெடுதி, அளவோடு இருந்தால் நன்மை. எது அளவு என்று கண்டுபிடித்துச் சொல்லுவதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர்.

நம்முடைய சொந்தத் தவறு

இனி ஒரு சங்கதியை வெட்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. நம்மோடு பல வருஷம் ஊர் ஊராக வந்து மேடையில் பேசிய பிரசாரகத் தோழர் ஒருவர் இருந்தார். ராகுகாலத்தில் கலியாணம் செய்துகொண்டவர். பேய் இருக்கிறதென்று சொன்ன சுடுகாட்டில் போய்ப் படுத்தவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை மாத்திரம் அவர் வாயை விட்டு இறங்காது. ஒரு நாள் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தழும்பு இருப்பதாகச் சொன்னார். "சூடு, மோர் குடித்தால் போய்விடும்" என்றார். நாமும் ஆமாம் என்றோம். நாமும் அப்போது வெற்றிலை போட்டுக்கொண்டுதான் இருந்தோம். எட்டு மாதம் கழித்து அது புண்ணாகி, வாய் திறக்க முடியாமல் போனபிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். தாடையில் பாதியை எடுத்தார்கள். எத்தனையோ கூட்டங்களில் முழங்கின குரல் போயிற்று. மறு வருஷம் அவரும் போய்விட்டார்.

பேய்க்குப் பயப்படாத தோழரைக் கொன்றது "சூடு" என்கிற மூட நம்பிக்கை. அதைப் பகுத்தறிவுக்காரர்களாகிய நாமே கூடயிருந்து ஆமோதித்தோம். சாமியை மறுத்துவிட்டால் மாத்திரம் ஒருவன் பகுத்தறிவுவாதியாகிவிடமாட்டான். தன் உடம்பிலும் கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை நாம் கற்றுக்கொண்ட விலை அது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று, புகையிலை சேராவிட்டாலும்கூட, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்டிருக்கிறது. தாம்பூலம் மங்களம் என்கிறார்கள். மங்களம் யாருக்கு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்க் கேளுங்கள்.

வாயைத் திறந்து பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவில் 1996-ல் தொடங்கி, 35 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 2 லட்சம் பேரை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். 13 பகுதிகளில் 7 பகுதிகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, வாயைத் திறக்கச் சொல்லி விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். மற்ற 6 பகுதிகளில் அப்படிப் பார்க்கவில்லை. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களுக்குள், பார்த்த பகுதிகளில் வாய்ப்புற்றால் வந்த சாவு நூற்றுக்கு 34 வீதம் குறைந்தது என்று 2005-ல் கண்டார்கள். பழக்கமில்லாதவர்களிடத்தில் அப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். பெரிய யந்திரம் இல்லை. விலை உயர்ந்த மருந்து இல்லை. வாயைத் திற என்றார்கள், பார்த்தார்கள், சந்தேகப்பட்டதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று சாவில் ஒரு சாவு தப்பிற்று. எந்தத் தெய்வத்தின் சந்நிதியிலாவது இப்படிக் கணக்குக் காட்ட முடியுமா?

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

காலையில் பல் விளக்குகிற நம் ஜனங்கள் ராத்திரியில் விளக்குவதில்லை. ராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே கொண்டாட்டம். மெல்லிய பிரஷினால், ஃபுளோரைடு பேஸ்டினால், காலையும் இரவும் இரண்டு நிமிஷம் விளக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவு பேஸ்டு போதும். அதற்கு மேல் பட்டாணியளவு. பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வரும்போது மொட்டையடிக்கக் குலதெய்வக் கோவிலுக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பல் வைத்தியரிடம் ஒரு தரம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பெரியவர்களும் வலி வருவதற்கு முன்பே போய்க் காட்டவேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்று கேட்டால், ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். ஆறு மாதம் என்பதும் வேதவாக்கு அல்ல. இங்கிலாந்தில் 2004-ல் ஏற்படுத்தின விதிப்படி, ஆளுக்கு ஆள் நிலைமையைப் பார்த்து, பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 2 வருஷம் வரையும், பிள்ளைகளுக்கு 3 மாதம் முதல் 1 வருஷம் வரையும் வைத்தியர் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். நமக்கு எவ்வளவு என்பதை வைத்தியரைக் கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். எந்தப் பல்லைப் பிடுங்கச் சொன்னாலும், எந்தக் குழியை அடைக்கச் சொன்னாலும், கண்ணாடியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். பல் வைத்தியரும் புரோகிதர் அல்ல. கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற வைத்தியரைவிடக் காட்டி விளக்குகிற வைத்தியரே மேல். புகையிலை, பாக்கு, மதுப் பழக்கம் உள்ளவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், கர்ப்ப ஸ்திரீகளும் காலதாமதம் செய்யவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளையோ சிவப்போ ஆன தழும்போ வாயில் கண்டால் அன்றைக்கே போகவேண்டும்.

"ஏழைக்கு இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பார்கள். பணக்காரர் செய்கிற காரியம் பல் செட்டு வைப்பதும் வேர் சிகிச்சை செய்வதுமே. பார்த்துக்கொள்வது ஏழையும் செய்யக்கூடிய காரியம். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் பல் வைத்தியம் இருக்கிறது. பல் வைத்தியக் கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள். பழனிக்கும் திருப்பதிக்கும் போகிற பஸ் சார்ஜுக்கு ஒரு குடும்பம் முழுதும் வருஷா வருஷம் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் பல் வைத்தியர் இல்லை என்றால், ஏன் இல்லை என்று சர்க்காரைக் கேட்பதும் சுயமரியாதைக்காரன் கடமையே. கோவில் கும்பாபிஷேகத்துக்கு மந்திரிகள் வரும் வேகத்தில் கிராம ஆஸ்பத்திரிக்குப் பல் நாற்காலி வரட்டும்.

நமது சங்கங்களுக்கும் ஒரு யோசனை. வருஷத்தில் ஒரு நாள், கூட்டம் நடக்கும் இடத்திலேயே ஒரு பல் வைத்தியரை அழைத்து வைத்து, பேசுகிறவர்கள் முதற்கொண்டு எல்லாரும் வாயைக் காட்டட்டும். ஜாதி ஆசாரம் தீட்டு என்று சொன்ன எச்சில் வாய்க்குள், யார் எந்த ஜாதி என்று கேளாமல் ஒரு மனிதன் கைவிட்டு நோய் பார்க்கிற காட்சியைவிடச் சமபந்தி போஜனம் வேறென்ன? மேடையில் வெற்றிலைத் தட்டு வைக்கிற வழக்கத்தையும் அன்றோடு எடுத்துவிடுங்கள். நாம் எடுத்துவிட்டோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதில் எதையும் நம்ப வேண்டாம். இன்று ராத்திரி ஒரு கண்ணாடியையும் ஒரு விளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயை, உங்கள் வீட்டம்மாளின் வாயை, பிள்ளைகளின் வாயைத் திறந்து பாருங்கள். அரிஸ்டாட்டில் எண்ணாமல் விட்டதை நீங்கள் எண்ணிப் பாருங்கள். கறுப்புப் புள்ளியோ, வெள்ளைத் தழும்போ, ரத்தம் கசிகிற ஈறோ கண்டால், அதை எழுதினது பிரம்மா அல்ல என்பதையும், இப்போதே அழிக்கக்கூடிய எழுத்து அது என்பதையும் உணர்ந்து நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.